பேர் மாறினா போதுமா பாஸ்?

கீழ்வேளூர்ல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வேளாங்கண்ணி. அங்கே கும்பிடுற மாதாவும் கைக்குழந்தையோட எகிப்துக்குத் தப்பி ஓடின அகதிதான். பைபிள்லயே இருக்கு!

நம்ம பக்கத்துக் கதை, 1983 ஜூலைக் கலவரத்துல ஆரம்பிக்குது. படகேறி வந்த ஈழத்தமிழர்களோட பிள்ளைங்க இங்கேயே பிறந்து, என்ஜினீயரிங்கும் படிக்கிறாங்க. ஆனா, பெரும்பாலானவங்களுக்குக் குடியுரிமை இல்லை. கேம்பஸ் இன்டர்வியூல பாஸானாலும் பேப்பர்ஸ் கேட்டா சிக்கல்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கை பேரே கிடையாது. 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணினவங்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லைங்கிறதுக்கான தண்டனையிலிருந்து 2025-ல மத்திய அரசு விலக்கு தந்துச்சு. குடியுரிமை தரலை.

சர்ச் என்ன பண்ணலாம்? இயேசு சபையோட ஜே.ஆர்.எஸ். அமைப்பு, முகாம் பிள்ளைங்களுக்கு மாலை வகுப்பு நடத்தி வழி காட்டியிருக்கு. கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுத்து போட்டோ எடுத்தா அது ஒருநாள் உதவி. வாராவாரம் கணக்கு சொல்லித்தர்றது, ஃபாரம் நிரப்பித்தர்றது, வேலைக்கு நாலு பேர்கிட்ட சொல்றதுதான் நிஜ உதவி. அதுவும், மதம் மாறணும்னு கண்டிஷன் போடாம!

2021-ல தமிழக அரசு 'அகதிகள் முகாம்'ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்திடுச்சு. அந்தப் பிள்ளைங்களை நம்ம செட்டுல சேர்த்துக்கறதுக்கு அரசாணை எதுவும் வேண்டாம்.