எங்கட வேலி எப்பிடி இருக்கவேணும்?



எங்கட சமூகத் தோட்டத்தின்ர வீதிப் பக்கத்துக்குக் கம்பி வேலியா, ஹாதோர்ன் வேலியா எண்டு அடுத்த கூட்டத்தில முடிவெடுக்கப் போறம். போனமுறை ஒரு தோழர் கேட்டார்: "பொதுநிலத்தைப் பறிச்சவங்கட மரத்தை நாங்கள் ஏன் நடவேணும்?"

தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. 1604க்கும் 1914க்கும் இடையில் பிரித்தானியப் பாராளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர், அவற்றுக்குள் அடங்கும். மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய ஏழைகள் வெளியே நின்றார்கள். அந்த எல்லைகளில் அதிகம் நட்டது இந்த முள்மரத்தைத்தான். மலிவு, எந்த மண்ணிலும் பிழைக்கும், மாடு நுழையாது.

என்ர அம்மா யாழ்ப்பாணத்து ஆள். இரவோட இரவா கதியாலைத் தள்ளி நட்டு, கோடு வரைக்கும் போன சண்டைக் கதைகள் அவவிட்ட நிறைய இருக்கு. அதுக்காகக் கிளுவையை யாரும் குற்றம் சொன்னதில்லை. வேலி எந்த மரம் எண்டதைவிட, பழம் யாருக்கு எண்டதுதான் எனக்குக் கேள்வி.

ஹாதோர்ன் போன வருசத்துக் கொப்பிலதான் பூக்கும். வருசாவருசம் மெஷினால மழிக்கிற வீதியோர வேலிகளில பழத்தைக் காணாததுக்குக் காரணம் அதுதான். மூண்டில ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு வருசமும் வெட்டினால் காய்க்கும். எங்களுக்கு 20 மீட்டர். மீட்டருக்கு ஐஞ்சு கண்டு, ரெண்டு வரிசையாக் குறுக்குமறுக்கா வைச்சால் நூறு போதும். நவம்பரில இருந்து மார்ச்சுக்குள்ள, வேரில மண் இல்லாத கண்டா வாங்கினால் விலையும் குறைவு.

பழம் சுண்டங்காய் அளவு, மாப்பிடிச்ச ருசி. பச்சையாத் தின்ன ஒண்டுமில்லை. வினாகிரியில அவிச்சு, அரிதட்டில வடிச்சு, சீனியும் செத்தல் மிளகாயும் போட்டால் நல்ல சோஸ். கொட்டையைக் கடிக்கவோ அரைக்கவோ கூடாது, அதில நஞ்சு இருக்கு.

இன்னொரு விசயம். 1968 திருட்டுச் சட்டத்தின்படி, தானாக வளர்ந்த செடியின் பழத்தை விற்பதற்காக இல்லாமல் பறித்தால் திருட்டு இல்லை. நாங்கள் நட்ட வேலிக்கு அந்த விலக்குப் பொருந்தாது. அதால என்ர தீர்மானத்தில ரெண்டு வரி சேர்த்திருக்கிறன்: வேலியில பூட்டில்லாத ஒரு இடைவெளி, வீதிப் பக்கம் "யாரும் பறிக்கலாம்" எண்டு ஒரு பலகை.

இது ரெண்டும் இல்லாட்டி நான் கம்பி வேலிக்கும் வாக்களிக்கமாட்டன், ஹாதோர்னுக்கும் வாக்களிக்கமாட்டன். மறுப்பிருந்தால் கூட்டத்துக்கு முதல் எழுதுங்கோ.