பூஜா லீவும் ஒன்பது நாள் ஊழியமும்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, டீயும் மாரி பிஸ்கட்டுமாக எங்கள் சபைக் கமிட்டி கூடியது. வாலிபர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்து ஒரு தாள் கொடுத்தார்கள். இந்த வருடப் பூஜா லீவில் மறுபடியும் நேபாளம். பதினெட்டுப் பேர், ஒன்பது நாள், மலைக் கிராமங்களில் ஊழியம். கடைசி வரியில் 'பொருளாளர் கையெழுத்து' என்று ஒரு கோடு. அந்தப் பொருளாளர் அடியேன்தான்.

கையெழுத்துப் போடவில்லை. "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்று பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டிலேயே இரண்டு கட்சி. "பிள்ளைங்க நல்ல காரியத்துக்குப் போறாங்க, நீங்க ஏன் பாங்க் ஆபீசர் மாதிரி நடந்துக்கிறீங்க?" என்கிறாள் மனைவி. பாங்க் ஆபீசர் வேறு எப்படி நடந்துகொள்வது, தெரியவில்லை.

ஏன் போடவில்லை என்று எழுதிவிடுகிறேன். வடக்கே தமிழ்ச் சபைகள் உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு இது தேவைப்படலாம். டெல்லி, மும்பை நண்பர்களும் இப்படிப் போய் வந்த கதைகள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2019 அக்டோபரில் நானும் போனேன். பதினான்கு பேர். ஹௌராவில் மிதிலா எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் ரக்சௌல், எல்லை தாண்டி பீர்கஞ்ச், அங்கிருந்து ஜீப்பில் ஹெடௌடா. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும், அதில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஹெடௌடாவுக்கு மேல் எந்தப் பக்கம் ஏறினோம், ஊர் பெயர் என்ன என்பதை எழுத மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

என் வேலை பணம். 2018 டிசம்பரில் நேபாள அரசு 200, 500, 2000 இந்திய நோட்டுகளுக்குத் தடை போட்டிருந்தது. ஆகவே எல்லாவற்றையும் நூறு ரூபாய்க் கட்டுகளாக மாற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். நம் 100 ரூபாய் அங்கே 160. இந்தக் கணக்கு 1993லிருந்து மாறவே இல்லை. ரயிலில் தூங்கவும் இல்லை, சட்டையைக் கழற்றவும் இல்லை. அது தனிக்கதை.

கிராமத்தில் சாலை முடிந்த இடத்திலிருந்து மூன்று மணி நேரம் நடை. என் முட்டி இரண்டும் அன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிட்டன. அந்த ஊர்ப் பாஸ்டர், முப்பத்தைந்து வயதிருக்கும், தமாங் இனத்தவர், என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். என்னை வாய்க்கு வாய் 'தாய்' என்றார். நேபாளியில் அண்ணனுக்கு அதுதான் சொல். தமிழில் எழுதினால் அம்மா ஆகிவிடுகிறது! ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திண்டோ. பார்த்தால் நம்ம கேப்பைக் களி. பாளையங்கோட்டையில் ஆச்சி கிண்டிப் போட்ட அதே களி. சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் இருந்த ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, பாஸ்டரின் அம்மா அடுப்பங்கரையில் படுத்துக்கொண்டார். எனக்கு அது நல்ல பயணம்தான். யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்களுக்கு?

நாங்கள் போன தேதியைப் பாருங்கள். கல்கத்தாவில் பூஜா லீவு. பாங்க் உண்டு, ஸ்கூல் உண்டு, எல்லோருக்கும் வசதி. நேபாளத்தில் அது தசைன். வருடத்தின் மிகப்பெரிய பண்டிகை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் வீடு திரும்பி, தசமி அன்று பெரியவர்கள் கையால் நெற்றியில் டீகா வாங்கிக்கொள்வார்கள். அங்கே விசுவாசியானவர்களுக்கு வருடத்திலேயே கஷ்டமான நாள் இதுதான். டீகா வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதே சமயம் வீட்டையும் வெறுக்க முடியாது. எங்கள் பாஸ்டர் ஒவ்வொரு வருடமும் அண்ணன் வீட்டுக்குப் போய், டீகா இல்லாமல் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுவிட்டு, அண்ணன் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துவிட்டு வருவாராம். பல வருடம் பேசிப் பேசி உண்டாக்கிய சமாதானம். அந்த வருடம் போகவில்லை. ஏனென்றால் வீட்டில் பதினான்கு விருந்தாளிகள், ஆளுக்கொரு மஞ்சள் டீ-ஷர்ட்டோடு. பண்டிகை நாளில் சொந்த அண்ணனை விட்டுவிட்டு இந்தியாக்காரர்களுக்குச் சமைக்கிறான் என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னார். அதில் என்ன தப்பு? எங்களில் ஒருவர்கூட 'உங்களுக்கு எந்த மாதம் தோது?' என்று அவரைக் கேட்டிருக்கவில்லை. 'இந்தத் தேதியில் வருகிறோம், ஸ்தோத்திரம்' என்று தகவல் சொன்னோம், அவ்வளவுதான்.

மருத்துவ முகாம் ஒன்று நடத்தினோம். எங்கள் சபை டாக்டர் அக்கா கெட்டிக்காரர், மனசு தங்கம். ஆனால் வெளிநாட்டு டாக்டர் அங்கே வைத்தியம் பார்க்க நேபாள மெடிக்கல் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. பிரஷர் இருந்த பதினோரு பேருக்கு முப்பது நாள் மாத்திரை கொடுத்தோம். முப்பத்தோராம் நாள்? கூட்டத்துக்குப் பின்னால் ஒரு அம்மாள் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த வார்டின் சுகாதாரத் தொண்டர் என்று பிறகுதான் சொன்னார்கள். 1988ல் அந்த நாட்டில் தொடங்கிய திட்டம் அது. நாடு முழுக்க சுமார் ஐம்பதாயிரம் பெண்கள், மாதச் சம்பளம் கிடையாது. எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும், நாங்கள் போன பிறகும் அவர் அங்கேதான் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி ராத்திரிக் கூட்டம். எங்கள் டீம் லீடர் தமிழில் பேச, ஒரு தம்பி ஹிந்தியில் சொல்ல, பாஸ்டர் அதை நேபாளியாக்க, வயதானவர்களுக்காக இன்னொருவர் தமாங்கில் சொன்னார். முடிவில் 'இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்' என்றார் லீடர். நிறையக் கைகள் உயர்ந்தன. ஒரு பையன் எண்ணினான், நாற்பத்தேழு. இன்னொரு பையன் போட்டோ எடுத்தான். ரக்சௌலில் நெட் கிடைத்ததும் ஃபேஸ்புக்கில் போட்டார்கள். ஊர் பெயர், பாஸ்டர் பெயர், 47 ஆத்துமாக்கள். கல்கத்தா வருவதற்குள் இருநூறு லைக்.

மூன்று வாரம் கழித்து பாஸ்டர் எனக்கு போன் செய்தார். தயங்கித் தயங்கி, "தாய், அந்தப் படத்தை எடுத்துவிட முடியுமா?" என்றார்.

நேபாளம் 2006ல் மதச்சார்பற்ற நாடாக அறிவிக்கப்பட்டதுதான். ஆனால் 2015 அரசியல் சட்டத்தின் 26வது பிரிவு, ஒருவர் இன்னொருவரை மதம் மாற்றக்கூடாது என்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அதற்குத் தண்டனை: ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டுக்காரர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளில் நாடு கடத்தல். இந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு விஷயம். நியாயம் இல்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் நாங்கள் அங்கே போனபோது அது அமலில் இருந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது, ஜெபக் குறிப்பு அச்சடித்த எங்களில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. வெறும் காகிதச் சட்டமும் இல்லை. கொரோனா குணமாக வேண்டும் என்று ஜெபித்த வீடியோவுக்காக 2020 மார்ச்சில் போக்ராவில் ஒரு பாஸ்டரைக் கைது செய்தார்கள். 2021 நவம்பரில் டோல்பா மாவட்ட நீதிமன்றம் மதமாற்றக் குற்றத்துக்கு அவருக்கு இரண்டு வருடம் கொடுத்தது.

எங்கள் பாஸ்டரை இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். வழக்குப் போடவில்லை. இரண்டு மாதம் சனிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. (ஞாயிறு அப்போது அங்கே வேலை நாள், ஆராதனை சனிக்கிழமைதான்.) ஒவ்வொரு வீடாகப் போய்த் தனித்தனியாக ஜெபித்துவிட்டு வந்தாராம்.

அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னார். அந்த ராத்திரி லீடர் சொன்னதை அவர் அப்படியே நேபாளியில் சொல்லவில்லை. 'உடம்புக்கு முடியாதவர்கள், ஜெபம் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்' என்று வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. கை தூக்கியவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அவர் சபை ஆட்கள், மீதிப் பேருக்கு முட்டி வலி. எங்களையும் கூட்டத்தையும் ஒரே மூச்சில் காப்பாற்றினார். அதை நாங்கள் ஃபேஸ்புக்கில் போட்டுக் கெடுத்தோம். இருபது வருடமாக வவுச்சர் இல்லாத கணக்கை நான் பாஸ் பண்ணியதில்லை. அந்த 47ஐ மட்டும் ஆண்டறிக்கையில் அப்படியே விட்டுவிட்டேன்.

கணக்கு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் வசூல் 3,62,000. ரயில், ஜீப் 1,18,000. தங்கல், சாப்பாடு 96,000. டீ-ஷர்ட், பேனர், ஸ்பீக்கர் 41,000. மருந்து 38,000. கம்பளி 52,000. பாஸ்டர் கையில் 15,000. சில்லறை 2,000. அதாவது 2,57,000 எங்களுக்கே. பாஸ்டருக்கு மாதம் கிடைப்பது நேபாள ரூபாயில் பன்னிரண்டாயிரம், நம் பணத்தில் 7,500. எங்கள் செலவு அவருக்கு முப்பத்துநான்கு மாதச் சம்பளம். கம்பளியை படாபஜாரில் வாங்கி எல்லை தாண்டித் தூக்கிப் போனோம். ஹெடௌடா கடைத்தெருவில் அதே கம்பளி தொங்கியது. அங்கேயே வாங்கியிருந்தால் ஒரு கடைக்காரருக்காவது வியாபாரம்.

இது நம் வியாதி மட்டும் இல்லை. 1998ல் மிட்ச் புயல் அடித்த பிறகு ஹோண்டுராஸில் வீடு கட்ட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வந்தன. அங்கேயே வசித்த கர்ட் வேர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் கணக்குப் பார்த்தார். பயணச் செலவெல்லாம் சேர்த்து அந்தக் குழுக்களுக்கு ஒரு வீட்டுக்கு ஆனது சுமார் 30,000 டாலர், உள்ளூர் அமைப்பு கட்டினால் 2,000. வெள்ளைக்காரர் கட்டிய வீட்டில் இருப்பவருக்கும் உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டில் இருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் எதையும் அவர் காணவில்லை. அதற்கும் முன்னால், 1968லேயே, மெக்சிகோவுக்குச் சேவை செய்யக் கிளம்பிய மாணவர்கள் கூட்டத்தில் இவான் இல்லிச் என்ற பாதிரியார் அவர்கள் முகத்துக்கு நேரே, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று பேசினார். கொஞ்சம் காரமான பேச்சு.

"அப்படியானால் மிஷனரியே வேண்டாமா அண்ணாச்சி?" என்று கேட்டான் வாலிபர் சங்கத் தம்பி. நம்ம ஊர்க்காரர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார்கள், நம் காசு, நம் ஆட்கள் என்று. அசரியா 1909ல் தோர்ணக்கல் போனார். தெலுங்கு படித்தார். 1912ல் அங்கேயே பிஷப் ஆனார். 1945ல் இறக்கும்வரை அந்த ஊர்தான். இடையில் 1910ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, நீங்கள் எவ்வளவோ தந்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்ற பொருளில் பேசியதைப் பாளையங்கோட்டையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். எங்கள் ஆச்சி சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மிஷனரி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உலை வைப்பாள். அவள் திருச்செந்தூரைத் தாண்டிப் போனதில்லை. யாருக்குப் போகிறது என்று பெயர் தெரியும், அந்தக் குடும்பத்துக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பாள்.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனும் நேபாளிதான். ஆறு வருடமாக கேட் திறந்துவிடுகிறார். எந்த மாவட்டம் என்று நான் முதல்முறை கேட்டது நேபாளம் போய் வந்த பிறகுதான்.

ஞாயிறு ராத்திரி பாஸ்டருக்கு போன் போட்டேன். நடுவில் கொரோனாவெல்லாம் வந்து, வருடத்துக்கு இரண்டு தடவை பேசுவதோடு சரி. விஷயத்தைச் சொன்னேன். வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன், அதைக் கமிட்டியில் வைத்துவிடலாம் என்று கணக்கும் போட்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. "மங்சீரில் வாங்க தாய். கேப்பை அறுப்பு முடிந்திருக்கும், நாங்களும் சும்மா இருப்போம். இரண்டு மூணு பேர் போதும். மஞ்சள் சட்டை வேண்டாம். உங்க முட்டி எப்படி இருக்கு?" என்றார். மங்சீர் என்றால் நவம்பர், டிசம்பர். எங்கள் ஆள் யாருக்கும் அப்போது லீவு கிடையாது.

வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பையன் எடுத்த படங்களில் அவர் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பது போல ஒன்று இருந்ததாம். அம்மா 2021ல் கொரோனாவில் போய்விட்டார். வீட்டில் வேறு படம் இல்லை. நாங்கள்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டோமே, எங்கேயாவது இருக்குமா என்றார்.

படம் எடுத்த பையன் இப்போது பெங்களூரில். போன் மாற்றிவிட்டானாம். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று அவன் மாமா வீட்டில் கிடக்கிறது, சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.