அட்டைப் பெட்டியும் ஒரு கண்ணாடியும்

மயிலாப்பூர் லஸ் பகுதியிலிருந்த ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற இல்லத்தை, நமது அரசியல் சாசனத்தின் வரைவுக் குழுவில் அங்கம் வகித்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடென்று பலர் அறிவர். அவருடைய புதல்வர் அல்லாடி ராமகிருஷ்ணன் அதே வீட்டில் மாணவர்களைக் கூட்டி நடத்திய பௌதிகக் கருத்தரங்கே, 1962-இல் தோன்றி இன்று தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு மூலம் என்பதைச் சிலரே அறிவர். கிருஷ்ணசாமி ஐயரின் பேரரும், 1951-இல் பிறந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவருமான விளையனூர் எஸ். ராமச்சந்திரன், மாணவப் பருவத்திலேயே, தமது இருபதாவது வயதில், இரு கண்களால் ஆழத்தைக் காணும் திறனைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதியவர். பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆராய்ந்து பட்டம் பெற்று, சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2003-இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை ஆற்றியதும், 2007-இல் பத்மபூஷண் பெற்றதும் அவருடைய கீர்த்திக்குச் சான்றுகளே. ஆயினும் அவரைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது அந்தக் கீர்த்தியன்று. அவர் நோயாளியின் அருகே அமர்ந்து கேட்ட விதம்.

கையை இழந்த பின்னும் அந்தக் கை இருப்பதாகவே உணர்ந்து, அதன் வலியால் துடிப்பவர்களை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். மனப்பிரமை என்று பலர் ஒதுக்கினர். ராமச்சந்திரனோ அத்தகைய இளைஞர் ஒருவரின் கண்களை மறைத்து, பஞ்சுக்குச்சியால் அவர் கன்னத்தைத் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று வினவினார். கன்னத்தில் என்ற இளைஞர், அதே கணத்தில், இல்லாத கட்டைவிரலிலும் அந்த ஸ்பரிசம் தெரிகிறது என்றார். மேலுதட்டைத் தொட்டபோது சுட்டுவிரல் உணர்ந்தது. கீழ்த்தாடையைத் தொட்டபோது சுண்டுவிரல். மூளையின் தொடுவுணர்ச்சிப் படத்தில் முகத்துக்குரிய பகுதியும் கைக்குரிய பகுதியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன என்று மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்ட் முன்பே காட்டியிருந்தார். கையிலிருந்து செய்தி வருவது நின்றுபோகவே, வெறுமையான அந்தப் பகுதியை முகத்தின் செய்திகள் சுவாதீனப்படுத்திக்கொண்டன என்பது ராமச்சந்திரனின் அனுமானம். வளர்ந்தவரின் மூளை மாறாதது என்ற சித்தாந்தம் ஆட்டங்கண்டதற்கு அந்தப் பஞ்சுக்குச்சியும் ஒரு காரணம்.

இழந்த கையில் மூடிய விரல்களின் நகம் உள்ளங்கையில் பதிவதாக உணர்ந்து, திறக்கவும் இயலாமல் தவித்தவர்களுக்கு, மேல்மூடி இல்லாத ஓர் அட்டைப் பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிரதிபிம்பத்தை இழந்த கையின் இடத்தில் அவர் காட்டினார்; நல்ல கை விரிந்தபோது, இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்து, வலி தணியக் கண்டனர். 2007-இல் வாஷிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலிழந்த வீரர்களிடம் நிகழ்ந்த சிறு ஆய்வு இதற்கு ஆதரவளித்தது. பிற்கால ஆய்வுகள் எல்லாம் அத்தனை உற்சாகம் தரவில்லை. பக்கவாதத்தால் கை சோர்ந்தவர்களின் பயிற்சியிலோ இம்முறை நிலைபெற்றுவிட்டது. பிறர் செயலைக் காணும்போதே கிளர்ச்சியுறும் ‘கண்ணாடி நியூரான்’களின் குறைபாட்டால் ஆட்டிசம் விளைகிறது என்று அவர் முன்வைத்த கருத்தைப் பின்வந்த சோதனைகள் ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு விஞ்ஞானியின் செல்வாக்கை மேற்கோள்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பதில் நமக்குச் சம்மதமில்லை. எளிய சாதனத்தைக் கொண்டு எவரும் பரீட்சித்து, ஏற்கவோ மறுக்கவோ கூடிய வினாக்களை அவர் விட்டுச்செல்கிறாரா என்பதையே நாம் பார்க்கிறோம். அந்த அளவில் ராமச்சந்திரன் பெரியவர்.

எளிய சாதனத்துக்கு மறுமுனையில், அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவில் வளரும் மூளையின் 5,132 வெட்டுகளைப் படமாக்கி 2024-இல் உலகுக்கு இலவசமாக அளித்திருக்கிறது. பெரும் பொருட்செலவும் நுண்கருவிகளும் வேண்டும் அத்தகைய பணியை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆனால் நீரிழிவால் காலிழந்து, இல்லாத பாதம் எரிகிறது என்று சொல்லும் முதியவர் நம் நகரின் மருத்துவமனைகளிலும் இருக்கிறார். அவர் சொல்வதை முழுதும் கேட்டு எழுதி வைப்பதற்குக் காகிதமும் பொறுமையும் போதும். இளம் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் காத்து, தாம் கேட்டவற்றையும் அதனால் தமக்குள் எழுந்த வினாக்களையும் தமிழில் எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். அவற்றுக்கு இவ்விதழில் இடம் உண்டு.