காலிக் கட்டத்தின் கதை

ஆரக்கிள் டேட்டாபேஸில் இருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறுபவர்கள் கட்டாயம் மாற்றி எழுத வேண்டியது ‘டீகோட்’. ‘இது இருந்தால் அது, இல்லாவிட்டால் இன்னொன்று’ என்று நிபந்தனை போடும் ஆரக்கிளின் சொந்தச் சரக்கு. போஸ்ட்கிரெஸ்ஸில் இதே பெயரில் உள்ள கட்டளை செய்யும் வேலையே வேறு. எனவே, 1992-ம் வருட எஸ்.க்யூ.எல். தர விதிகளில் இடம்பெற்ற ‘கேஸ்’தான் கதி.

வில்லங்கம் ‘நல்’ எனப்படும் காலிக் கட்டத்தில் இருக்கிறது. ஒரு பென்ஷன் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். இறந்த தேதி காலியாக இருந்தால் பணம் அனுப்பு, இல்லாவிட்டால் நிறுத்து. காலியும் காலியும் சமம் என்று டீகோட் ஏற்றுக்கொள்ளும். கேஸ் ஏற்காது. தெரியாத ஒன்று தெரியாத இன்னொன்றுக்கு எப்படிச் சமமாகும் என்பது அதன் கட்சி. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால், உயிரோடு இருக்கும் அத்தனை பேருக்கும் பென்ஷன் நின்றுவிடும். பிழை என்று கம்ப்யூட்டர் முனகக்கூடச் செய்யாது.

பரிகாரம் எளிது. ‘இஸ் நல்’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பிறகு பழைய விடையையும் புதிய விடையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில், காலிக் கட்டங்கள் உள்ள வரிகளை.