பாலில் கொழுப்பு கூட மாட்டுக்கு எண்ணெய் ஊற்றலாமா?

பால் சங்கத்தில் கொழுப்புச் சத்தையும் இதர சத்தையும் பார்த்தே பாலுக்கு விலை போடுகிறார்கள். கொழுப்பு இரண்டு புள்ளி இறங்கினால் விலையும் இறங்கிவிடும். ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு இது சின்ன நஷ்டமல்ல. ஆகவே கொழுப்புக் குறைந்தவுடன் தீவனத்தில் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கொழுப்பைக் கொடுத்தால் கொழுப்பு வரும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் மாட்டின் வயிறு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

வயிற்றில் வாழும் வேலையாட்கள்

மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் சோளத்தட்டையும் செரிக்க வைப்பவை இவையே. நாரைச் சிதைத்து அசிட்டிக் அமிலம் போன்றவற்றை இவை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் ரத்தத்தின் வழியே மடிக்குச் சென்று பால் கொழுப்பாக மாறுகிறது. பாலிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழப் பாதி இப்படி மடியிலேயே உண்டாவது. மீதிதான் தீவனத்திலுள்ள கொழுப்பிலிருந்தும் மாட்டின் உடம்புக் கொழுப்பிலிருந்தும் வருகிறது.

எண்ணெய் செய்யும் கேடு

எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் நாரின்மேல் படிந்து நுண்ணுயிர்களை அண்டவிடாமல் செய்கிறது. நார் செரிக்கும் நுண்ணுயிர்களை மடியவும் வைக்கிறது. நார் செரிக்காமல் மாடு தீனியைக் குறைக்கிறது. அசிட்டிக் அமிலமும் குறைகிறது.

இன்னொரு கேடும் உண்டு. வயிற்று நுண்ணுயிர்கள் எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றும் இயல்புடையவை. நார்த்தீவனம் குறைந்து எண்ணெய் மிகுந்தால் இந்த மாற்றம் தடம் மாறி, வேறொரு வகைக் கொழுப்பு அமிலம் உண்டாகிறது. அது மடியில் கொழுப்பு உற்பத்தியையே தடுக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த அமிலத்தைப் பசுக்களின் நான்காம் இரைப்பையில் நேரே செலுத்தி, பால் கொழுப்பு குறைவதைக் காட்டினார்கள். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் கொழுப்பைக் குறைக்கும் என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல.

எவ்வளவு தாங்கும்?

மாடு தின்னும் மொத்த உலர் தீவனத்தில் கொழுப்பு நூற்றுக்கு 6 பங்குக்குள் இருப்பது நல்லது. 10 கிலோ உலர் தீவனம் தின்னும் பசுவுக்கு இது 600 கிராம். புல், வைக்கோல், கலப்புத் தீவனம் ஆகியவற்றிலேயே சுமார் 300 கிராம் சேர்ந்துவிடும். ஒரு கிலோ பருத்திக்கொட்டை ஆட்டிக் கொடுத்தால் ஏறத்தாழ இன்னும் 200 கிராம். இதற்குமேல் கால் கிலோ எண்ணெய் ஊற்றினால் அளவு தாண்டிவிடுகிறது. செக்குப் பிண்ணாக்கிலும் பச்சைத் தவிட்டிலும் எண்ணெய் உண்டு என்பதை மறக்கக் கூடாது. வயிறு உப்பும்போது மருந்தாக ஒரு வேளை எண்ணெய் புகட்டுவது வேறு. தினமும் தீவனமாக ஊற்றுவது வேறு.

பைபாஸ் கொழுப்பு என்று கடைகளில் விற்பது சுண்ணாம்புச் சத்துடன் சேர்த்துச் செய்யப்படுவது. அது முதல் வயிற்றில் அதிகம் கரையாமல், புளிப்பு மிகுந்த நான்காம் இரைப்பைக்குப் போன பிறகே பிரிகிறது. ஆகவே நுண்ணுயிர்களுக்குத் தொல்லை குறைவு. கன்று ஈன்ற புதிதில் மிகுதியாகப் பால் கறந்து உடல் இளைக்கும் மாட்டுக்கு இது பயன்படும். நான்கைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் வீண்.

முதலில் செய்ய வேண்டியது

கொழுப்புக் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்ப் புட்டியை அல்ல, தீவனத் தொட்டியை. பசும்புல்லோடு வைக்கோலோ சோளத்தட்டோ தினமும் உண்டா? தட்டைத் தூளாகாமல் நறுக்கிப் போடுகிறார்களா? கலப்புத் தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து வைக்கிறார்களா? கடைசிப் பாலிலேதான் கொழுப்பு அதிகம். அது முழுவதும் கன்றுக்குப் போனால் சங்கத்தில் கொழுப்புக் குறைவாகத்தான் காட்டும். கன்றுக்கு உரியதை முதலில் ஊட்டிவிட்டு மடியை ஒட்டக் கறப்பதே சரி.

எண்ணெய்க்குப் போகும் பணத்தில் வரப்போரம் கம்பு நேப்பியர் கரணை நடலாம், வேலிமசால் விதைக்கலாம். பால் சங்கங்களும் கொழுப்பு அளவைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. கொழுப்புக் குறைந்த உறுப்பினருக்கு அதன் காரணத்தைச் சொல்வதும் சங்கத்தின் கடமை. விலையைக் குறைப்பது எளிது. வழி காட்டுவதுதான் சங்கம் என்ற பெயருக்குப் பொருத்தம்.