மக்தபில் திணறும் பிள்ளைக்கு யார் ஆசிரியர்?

பிளவக்கல் அணையின் நீரை நம்பி வாழும் வத்திராயிருப்பு வட்டாரத்திலும் அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நகரங்களிலும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கப்படும் படிப்பு பி.எட். ஆசிரியப் பணி கண்ணியமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு பிள்ளை, "சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கிறேன்" என்றால் பெற்றோர் தயங்குகின்றனர். "அது வேறு மாதிரிப் பிள்ளைகளுக்கான படிப்பாயிற்றே!" என்கின்றனர்.

அந்த "வேறு மாதிரிப் பிள்ளைகள்" நம் மக்தபிலேயே அமர்ந்திருக்கிறார்கள். உஸ்தாது ஓதக் கேட்டுச் சிறிய சூராக்களை எளிதில் மனனம் செய்யும் ஒரு சிறுவன், எழுத்தைப் பார்த்து ஓதச் சொன்னால் திணறுகிறான். பா, தா, ஸா மூன்றும் வடிவில் ஒன்றே. புள்ளிகள் மட்டுமே வேறு. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் இடர்ப்படும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. இதற்கு டிஸ்லெக்சியா காரணமாக இருக்கலாம். அறிவுக் குறைவோ சோம்பலோ அன்று. நாமோ அவனுக்கு "மக்கு" என்ற பெயரையும் பிரம்படியையும் கொடுத்து, ஓதலின் மீதே வெறுப்பை ஊட்டிவிடுகிறோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தான் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்துள்ளது. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் அறிவித்தது. ஆகவே இது தேவையும் எதிர்காலமும் உள்ள துறை.

ஆனால் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. கல்லூரியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு, சேரவிருக்கும் ஆண்டுக்கு உள்ளதா எனப் பாருங்கள். அக்கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் சிறப்பாசிரியராகப் பணியாற்ற இயலாது. "ஆறு மாதத்தில் சான்றிதழ்" என்று அழைப்போரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்து, பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு எனச் சிறப்புப் பிரிவுகள் உண்டு. எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை. "சிறப்புக் கல்வி" என்ற பொதுப் பெயரைக் கண்டு சேர்ந்துவிட்டு, பின்னர் வருந்துவதில் பயனில்லை. மூன்றாவதாக, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், எத்தனை நாள், எத்தகைய பிள்ளைகளுடன் என்று விசாரியுங்கள். புத்தகத்தில் மட்டும் இக்கலையைக் கற்க முடியாது. தொலைநிலைக் கல்வியில் சேர்வோருக்கும் இக்கேள்வி பொருந்தும்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் இத்துறையில் நெடுநாள் அனுபவமுள்ள நிறுவனங்கள் உள்ளன. அவ்வளவு தொலைவுக்குப் பெண் பிள்ளையை அனுப்புவதா என்ற அச்சம் நியாயமானதே. விடுதியை நேரில் பாருங்கள். அங்கே படித்த பெண்களிடம் பேசுங்கள். விசாரிக்காமலேயே மறுப்பது மட்டும் நியாயமாகாது.

கண் பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தபோது அவர் பொருட்டு இறங்கியதே "அபஸ" எனும் அத்தியாயம். பின்னர் அவரைப் பாங்கு சொல்பவராகவும், தாம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பாளராகவும் நபி (ஸல்) அவர்கள் நியமித்தார்கள். குறையைப் பார்த்து ஒதுக்காமல் தகுதியைப் பார்த்துப் பொறுப்பளித்த அந்த வழிமுறையே நமக்கும் வழிகாட்டி.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். திருமண மண்டபத்துக்கும் மினாராவுக்கும் நிதி திரட்டுகிறோம். மஹல்லாவுக்கு ஒருவராவது இப்படிப்பை முடிக்கக் கட்டணம் கொடுத்து உதவுவோம். அவர் திரும்பி வந்து வாரம் ஒரு நாள் மக்தபில் அமர்ந்தால், எத்தனையோ பிள்ளைகள் முதுகில் அடி வாங்காமலேயே குர்ஆனைக் கையில் எடுப்பார்கள்.

கற்கவும் கற்பிக்கவும் அல்லாஹ் நமக்குப் பொறுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.