பிரீமியம் ஒரே விலை, கிளெய்ம் மட்டும் ஏன் வேறு வேறு?
வாடகைக் கார் ஓட்டுநர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றிய நிதி அமைச்சகம், ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஹைதராபாத்தில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறை, வாகன இன்சூரன்ஸ் விற்கும் அரசு, தனியார் நிறுவனங்களின் நிர்வாகங்கள்.

நாங்கள் கடன் வாங்கி ஒரு கார் எடுத்து, அதை நாங்களே ஓட்டிப் பிழைப்பவர்கள். மீனம்பாக்கத்திலும் சென்ட்ரலிலும் பழைய மகாபலிபுரம் சாலையின் கம்பெனி வாசல்களிலும் எங்கள் வண்டிகள் நிற்கும். ஆர்.சி.யில் எங்கள் பெயரோடு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரும் இருக்கும். மாதம் பிறந்தால் டியூ, வருடம் திரும்பினால் எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ். இவற்றில் இன்சூரன்ஸ் ஒன்றைத்தான், கஷ்டம் வந்தால் நமக்கே உதவும் என்று நம்பிக் கட்டுகிறோம். அந்த நம்பிக்கை எங்களில் பலருக்குப் போய்விட்டது. அதை மீட்டுத் தரக் கேட்டே இந்தச் சாசனத்தை எழுதுகிறோம்.

கவர்மென்ட் கம்பெனியில் போடுவதா, பிரைவேட்டில் போடுவதா என்ற பேச்சு எங்கள் ஸ்டாண்டுகளில் ஓய்ந்ததே இல்லை. நாங்கள் பட்டறிந்தது இது. அரசு நிறுவனத்துக்கு ஊரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. நேரில் போனால் அதிகாரியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசலாம். பணமும் பெரும்பாலும் வந்துவிடும், ஆனால் எப்போது வரும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. கேஷ்லெஸ் வசதியுள்ள பட்டறைகள் குறைவு என்பதால், கைப்பணம் போட்டு வண்டியை எடுத்துவிட்டு பில்லோடு அலைய வேண்டும். தனியாரில் பம்பர் கீறல் என்றால் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும், மறுநாளே ஒப்புதல் வந்துவிடுகிறது. தொகை லட்சத்தைத் தொட்டதும் பேச்சு மாறுகிறது. கால் சென்டரில் தினம் ஒரு புதிய குரல், ஒவ்வொரு குரலுக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், கடைசியில் ஒருநாள் இரண்டே வரியில் ‘ரிஜெக்ட்’ என்று மெயில் வருகிறது. இரண்டு பக்கமும் நல்ல அனுபவம் பெற்றவர்கள் எங்களிடையே உண்டு. நல்ல அதிகாரி அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதே எங்கள் வாதம்.

ஏனென்றால் இந்தச் சரக்கை நாங்கள் விரும்பி வாங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146இன்படி தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. அதன் விலையையும் அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு 3,416 ரூபாய். அதே கார் மஞ்சள் போர்டு மாட்டினால் 7,940 ரூபாய், அதோடு பயணி ஒருவருக்கு 978 வீதம் நாலு பேருக்கு 3,912. ஆக 11,852. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் கிட்டத்தட்ட 14,000. சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் இதில் இன்னும் சேரவில்லை. அரசு நிறுவனத்தில் போட்டாலும் தனியாரில் போட்டாலும் தேர்டு பார்ட்டிக்கு இதே தொகைதான். சட்டம் போட்டு வாங்க வைத்து, விலையும் வைத்து, வரியும் எடுக்கிற அரசுக்கு, கிளெய்ம் எப்படித் தீர்க்கப்படுகிறது என்பதிலும் பொறுப்பு உண்டு. கீழுள்ள கோரிக்கைகள் அனைத்தும் இதன் மேல் நிற்கின்றன.

முதல் கோரிக்கை: எல்லா நிறுவனத்துக்கும் ஒரே கெடு, கெடு தாண்டினால் நாள் கணக்கில் நஷ்டஈடு.

விபத்தைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதன்பின் 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கை சொல்கிறது. நல்ல உத்தரவு, வரவேற்கிறோம். நடைமுறையில் அந்த நாட்கள் ‘டாக்குமென்ட் பெண்டிங்’ என்ற பெயரில் கரைகின்றன. இன்று லைசென்ஸ் நகல் கேட்பார்கள், அடுத்த வாரம் பெர்மிட், அதற்கடுத்து டிரிப் ஷீட், பிறகு போலீஸ் சான்று. வேண்டிய தாள் அனைத்தையும் முதல் தகவலின்போதே ஒரே பட்டியலாகத் தமிழில் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டும். அதில் இல்லாத ஒன்றைப் பின்னால் கேட்டுக் கெடுவை நிறுத்தக் கூடாது. வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் எங்களுக்குச் சம்பாத்தியம் இல்லை, டியூ மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாமதத்துக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி என்ற விதி, லட்ச ரூபாய் கிளெய்முக்கு மாதம் சில நூறுகளையே தருகிறது. கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ஓட்டுநரின் ஒருநாள் வருமானத்துக்கு ஈடான தொகை, கேட்காமலே கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவது: சர்வேயரின் கணக்கு எங்கள் கைக்கு வர வேண்டும்.

சர்வேயருக்கு லைசென்ஸ் தருவது ஆணையம். அவரை அனுப்புவதும் கட்டணம் கொடுப்பதும் இன்சூரன்ஸ் நிறுவனம். எங்கள் வண்டியை மதிப்பிடும் ஆளைத் தேர்வதில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். நாலரை வருஷ வண்டி, இடது பக்கம் அடி. கதவு 10,000 ரூபாய் என்று எஸ்டிமேட்டில் இருக்கும். வயதுக்கு 35 சதவீதம் தேய்மானம் போக 6,500தான் கிடைக்கும். பம்பர் 6,000, பிளாஸ்டிக் என்பதால் வயது பார்க்காமல் பாதி வெட்டு, 3,000. பெயின்டிங் 8,000 என்றால் அதில் கால் பங்கைப் பெயின்ட்டின் விலையாக வைத்து அதில் பாதி, 1,000, கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் முழுசாகக் கிடைக்கும். இதெல்லாம் பழைய மோட்டார் டாரிஃபிலிருந்து வரும் விதிகள்தாம், சர்வேயர் கண்டுபிடித்தவை இல்லை. ஆனால் பாலிசி எடுக்கிற அன்று ஏஜென்ட் ‘ஃபுல் கவர் அண்ணா’ என்று சொல்லிப் போகிறாரே தவிர, இந்த அட்டவணையை யாரும் காட்டுவதில்லை. பில் போடும் அன்றுதான், 24,000 ரூபாய் வேலையில் 7,500 தன் தலையில் விழுவது ஓட்டுநருக்குத் தெரிகிறது. கட்டாயக் கழிவு அதற்கு மேல் தனி.

ஆகவே தேய்மான அட்டவணை பாலிசியின் முதல் பக்கத்தில் தமிழில் இருக்க வேண்டும். சர்வே அறிக்கையின் நகல், பாகம் பாகமாக வெட்டிய தொகையுடன், கேட்காமலே வர வேண்டும். மதிப்பீட்டை ஏற்காதவர், ஆணையம் மாவட்டந்தோறும் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து இரண்டாவது சர்வேயரைக் கேட்க வழி வேண்டும், அவருக்கான கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும். பணம் தரும் முன் ‘முழுத் தீர்வு’ என்று வாங்கும் கையெழுத்து, மீதியைக் கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று ஆணையம் 2015 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்த வாசகத்தை அதே தாளில் அச்சிடச் சொல்கிறோம்.

மூன்றாவது: வெள்ளம்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மறுபடி மூழ்கின. ஓன் டேமேஜ் பாலிசியில் வெள்ளச் சேதம் அடக்கம். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளச் சேதம் ஆகாதாம், வெள்ளத்தின் ‘விளைவுச் சேதமாம்’. பாலிசியில் அதற்கு இடமில்லை, எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டுமாம். முடிச்சூரில் எங்கள் தோழர் ஒருவர், இடுப்பளவு தண்ணீர் வருவதற்குள் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டுமென்று நடுராத்திரியில் சாவியைத் திருப்பினார். வண்டியைக் காப்பாற்ற அவர் செய்த அந்த ஒரு காரியமே மறுப்புக்குக் காரணமாகிவிட்டது. பாலிசி எடுத்தபோது எஞ்சின் புரொடெக்ட் என்ற பெயரையே அவரிடம் யாரும் சொல்லவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பூட்ட மனைவியின் நகை அடகுக்குப் போனது. எந்த நிறுவனம் என்பதை இங்கே எழுதவில்லை. இதே பதிலை அரசு நிறுவனத்திலும் வாங்கியவர்கள் எங்களிடம் உண்டு.

அரசு பேரிடர் பகுதி என்று அறிவித்த இடத்தில் நின்ற வண்டிக்கு, எஞ்சினில் தண்ணீர் புகுந்த சேதத்தை அடிப்படை ஓன் டேமேஜிலேயே சேர்க்க வேண்டும். கடற்கரை மாவட்டங்களில் இதைக் கூடுதல் விலைக்கு விற்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

நான்காவது: பேட்ஜ் காரணம் காட்டி மறுத்த கிளெய்ம்கள்.

இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை ஓட்டலாம், தனியாகப் போக்குவரத்து அனுமதி (பேட்ஜ்) எழுதியிருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. நிறுவனங்கள் அதை விடவில்லை. ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போய், 2024 நவம்பர் 6 அன்று அதே தீர்ப்பு உறுதியானது. 2017 வழக்கில் எதிர்த்தரப்பு அரசு நிறுவனம், 2024 வழக்கில் தனியார் நிறுவனம். ஓட்டுநரை எதிர்த்து வழக்காடுவதில் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கவில்லை. இந்த ஒரே காரணத்துக்காக மறுத்த கிளெய்ம்களை நிறுவனங்கள் தாமே திறந்து தீர்க்க வேண்டும். நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள மேல்முறையீடுகளையும் திரும்பப் பெற வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. வண்டி திருடு போயிற்று, பாலிசி நிபந்தனை ஏதோ மீறப்பட்டது, ஆனால் திருட்டுக்கும் அந்த மீறலுக்கும் தொடர்பில்லை என்றால், கிளெய்மை அடியோடு தள்ளாமல் 75 சதவீதமாவது தரலாம் என்ற வழி 2008இல் நிதின் கண்டேல்வால் வழக்கிலேயே வந்துவிட்டது. திருடு போனதும் போலீசுக்குப் போனவர், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஒவ்வொரு ஓட்டுநரும் டெல்லி வரை போக முடியுமா? இந்தத் தீர்ப்புகளை ஆணையம் விதியாக்கி, மறுப்புக் கடிதம் எழுதும் அதிகாரி அவற்றை ஏன் பின்பற்றவில்லை என்று கடிதத்திலேயே பதில் எழுதச் செய்ய வேண்டும்.

ஐந்தாவது: அரசு நிறுவனங்களை வாட விடாதீர்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் கம்பெனிகளை 1972 சட்டத்தின் மூலம் நாட்டுடைமையாக்கி, 1973 ஜனவரி 1 முதல் நான்கு நிறுவனங்களாக்கினார்கள். அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம் சென்னை. 2000க்குப் பின் தனியார் மறுபடி வந்தார்கள். இன்று பொதுக் காப்பீட்டுச் சந்தையில் நான்கு அரசு நிறுவனங்களுக்குமாகச் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு அளவே மிச்சம். மூன்றை ஒன்றாக இணைப்பதாக 2018 பட்ஜெட்டில் சொன்னார்கள், 2020இல் கைவிட்டார்கள். 2021இல் அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போகவும் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். இதற்கிடையே கிளைகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள், ஓய்வு பெற்றவர் இடங்களை முழுமையாக நிரப்பவில்லை.

அரசு அலுவலகம் மெதுவாக இயங்குகிறது என்று மேலே குறை சொன்னவர்கள் நாங்கள்தாம். அதே வாயால் சொல்கிறோம்: அதை விற்பது எங்களுக்கு மருந்தாகாது. கிளெய்ம் சிக்கினால் நேரில் போய்க் கேட்க ஒரு வாசல் வேண்டும், பழைய வண்டியையும் வாடகை வண்டியையும் தட்டிக் கழிக்காத ஒரு நிறுவனம் வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் கிளெய்ம் முடிக்கும் அதிகாரம் கொண்ட கிளை, போதிய ஊழியர், தாலுகா அளவில் கேஷ்லெஸ் பட்டறைகள், ஓட்டுநர் பயன்படுத்தக்கூடிய தமிழ்ச் செயலி ஆகியவற்றை அரசு நிறுவனங்களுக்குத் தாருங்கள். தனியார் நிறுவனங்கள், பாலிசி விற்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் பெயரும் கையெழுத்து அதிகாரமும் உள்ள ஒரு கிளெய்ம் அதிகாரியை உட்கார வைக்கட்டும்.

ஆறாவது: கட்டாய இன்சூரன்சுக்கு வரி வேண்டாம். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. சட்டம் கட்டாயப்படுத்தும் தேர்டு பார்ட்டிக்கு, ஒரே வண்டி வைத்திருக்கும் எங்களிடம் 18 சதவீதம் வாங்குவதையும் நீக்குங்கள்.

ஏழாவது கோரிக்கை மாநில அரசுக்கு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து இடித்தால், வழக்கு முடிந்து தீர்ப்பு வந்த பின்னும் இழப்பீட்டுக்காகப் பேருந்தை ஜப்தி செய்யும் நிலை வரை போகிறது. தீர்ப்பான தொகையை அறுபது நாளில் கொடுக்கத் தனி நிதி வையுங்கள்.

எட்டாவது: காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் எங்கள் பக்கம் வர வேண்டும். கட்டணமின்றி, வக்கீல் இல்லாமல் முறையிடும் இடம் அது. 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். ஆனால் தமிழ்நாடு முழுமைக்கும் சென்னை அண்ணா சாலையில் ஒரே அலுவலகம். மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலியில் மாதம் ஒருமுறை அமர்வு நடத்துங்கள். வாடகைக்கு ஓட்டும் ஒற்றை வண்டிக்காரரின் முறையீட்டை ‘வணிகப் பாலிசி’ என்று சொல்லி எங்கேயும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை விதியில் எழுதுங்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் மாவட்டவாரியாக எத்தனை கிளெய்ம் பெற்றது, எத்தனை மறுத்தது, சராசரியாக எத்தனை நாளில் பணம் தந்தது, கேட்டதில் எவ்வளவு தந்தது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும், வாடகை வண்டிகளுக்குத் தனிப் பத்தியாக. எங்கே போடுவது என்று ஸ்டாண்டில் நாங்கள் வாய்ச்சொல்லை நம்பி முடிவெடுக்கும் நிலை அப்போதுதான் மாறும். இது எங்கள் ஒன்பதாவது கோரிக்கை.

இந்தச் சாசனத்தைப் பெறும் ஒவ்வோர் அலுவலகமும் முப்பது நாளுக்குள், எந்தக் கோரிக்கையை ஏற்கிறது, எதை மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்று தமிழில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.